லாக்கை நிரப்பிய பவர் மீட்டர்

ஒரு சர்வரின் கர்னல் லாக்கில், அதாவது லினக்ஸின் மையப்பகுதி எழுதும் பதிவில், மூன்று வரிகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. முதல் வரி ஒரு ஏசிபிஐ (போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேரும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் முறை) எரர்: ஐபிஎம்ஐ வழியாக எழுத 66 பைட் நீளமுள்ள பஃபர் (தரவை வைக்கும் தற்காலிக இடம்) தேவை, கிடைத்தது 32. இரண்டாவது வரி: பிஎம்ஐ0 என்ற சாதனத்தின் பிஎம்எம் மெத்தடை ஓட்ட முடியவில்லை, காரணம் ஏஎம்எல் பஃபர் லிமிட். மூன்றாவது வரியும் அதே காரணத்தைத்தான் சொன்னது, ஆனால் இந்த முறை மின்சார அளவைப் படிக்கும் பவர் மீட்டர் டிரைவரின் பெயரில். மூன்றும் வந்து முடிந்தால் சில நொடி அமைதி. அப்புறம் மறுபடி அதே மூன்று. ஐபிஎம்ஐ, பிஎம்எம், ஏஎம்எல் என்பவை என்ன என்று கீழே சொல்கிறேன்.

இயந்திரம் இரண்டு பிராசஸர் கொண்ட பழைய ரேக் சர்வர். உபுண்டு 18.04, கர்னல் 4.15. பழைய டேட்டாபேஸ் ஒன்று அதில் இன்னும் ஓடுகிறது. அதை வேறு இடத்துக்கு மாற்றும் வரை இந்த இயந்திரத்தை நம்பித்தான் ஆக வேண்டும். வேலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. டேட்டாபேஸ் ஓடியது, வெப்பநிலை சரியாக இருந்தது, விசிறிகள் சீராகச் சுற்றின. அதனால்தான் இந்த வரிகளை யாரும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தார்கள். "அது ஏசிபிஐ எரர், எல்லா சர்வர்லயும் வரும்" என்பதுதான் வழக்கமான பதில்.

எனக்கு அந்தப் பதில் ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. இயந்திரம் தன்னைப் பற்றி நம்மிடம் சொல்ல வைத்திருக்கும் ஒரே இடம் லாக்தான். அந்த இடத்தை ஒரு பொய் எச்சரிக்கை அடைத்துக்கொண்டால், உண்மையான எச்சரிக்கை வரும்போது அதைப் படிக்க ஆள் இருக்காது. கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்கு நடுவே பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் யாருக்குக் கேட்கும்?

இது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று முதலில் பார்த்தேன். டிமெஸ்க் கட்டளை காட்டுவது கர்னலின் வளைய பஃபர். உபுண்டுவில் அதன் அடிப்படை அளவு 256 கேபி. நிரம்பியதும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். இந்த மூன்று வரிகள் வரும் வேகத்தில் பூட் ஆனபோது வந்த செய்திகள் அன்றைக்கே மறைந்துவிடுகின்றன. எந்தப் பிசிஐ ஸ்லாட்டில் எந்த அட்டை, எந்த டிரைவர் எப்போது ஏறியது, மெமரி எப்படிப் பிரிக்கப்பட்டது என்று எதுவும் டிமெஸ்க்கில் இல்லை. மேலிருந்து கீழ் வரை இதே மூன்று வரிகள். வட்டில் சேமிக்கும் பதிவான ஜர்னலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் இந்த இயந்திரத்தில் ஜர்னலுக்கு யாரோ சிறிய அளவில் வரம்பு வைத்திருந்தார்கள். வரம்பை எட்டியதும் ஜர்னல் பழைய கோப்புகளைக் கழித்துவிடும். போன மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் கிடையாது.

லாக்கைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல், ஒரே செய்தி திரும்ப வந்தால் சுருக்கி எழுதும் வசதி கொண்டது. உபுண்டுவில் அது இயல்பாகவே இயங்கும். "மெசேஜ் ரிப்பீட்டட்" என்று போட்டு எண்ணிக்கையை மட்டும் தரும். அது ஏன் இங்கே உதவவில்லை? அது ஒப்பிடுவது அடுத்தடுத்த இரண்டு வரிகளை. இங்கே வருவது மூன்று வேறு வேறு வரிகள். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று. எந்த இரண்டு அடுத்தடுத்த வரிகளும் ஒன்றாக இல்லை, அதனால் ஒன்றுகூடச் சுருங்கவில்லை. ஜர்னலை எழுதும் ஜர்னல்டியின் வேக வரம்பும் கை கொடுக்காது, அது சர்வீஸ்களுக்கானது. கர்னல் நேரடியாகத் தரும் வரிகளை அது தடுப்பதில்லை.

வன்பொருள் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்பதுதான் அடுத்துத் தெரிய வேண்டியது. சர்வர் போர்டில் பிஎம்சி என்று ஒரு தனிக் கட்டுப்பாட்டுச் சிப் இருக்கும். பிரதான இயந்திரம் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். மின்சாரம், விசிறி, வெப்பம் எல்லாவற்றையும் அது தனியாகக் கவனிக்கும். அதனுடன் பேசும் முறைக்குத்தான் ஐபிஎம்ஐ என்று பெயர். ஐபிஎம்ஐடூல் கருவியை நிறுவி, சென்சார் பட்டியலையும் நிகழ்வுப் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பவர் சப்ளையும் நலம். மின்னழுத்தங்கள் எல்லாம் வரம்புக்குள். நிகழ்வுப் பதிவில் மின்சாரம் தொடர்பாக ஒரு வரிகூட இல்லை. ஆக, சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. சென்சாரின் அளவை இயங்குதளத்துக்குக் கொண்டுவரும் வழியில்தான் ஏதோ கோளாறு.

அந்த வழியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது புரிந்தால் இந்த வகைப் பிழைகள் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

பயாஸ் ஃபர்ம்வேர், இயங்குதளத்துக்குச் சில அட்டவணைகளைக் கொடுக்கிறது. அவற்றில் தகவல் மட்டும் இல்லை, சின்னச் சின்ன நிரல்களும் இருக்கின்றன. அந்த நிரல்களின் மொழிதான் ஏஎம்எல். சர்வர் தயாரித்தவர்கள் எழுதிய நிரலை லினக்ஸ் கர்னல் தனக்குள் வைத்திருக்கும் ஒரு இன்டர்பிரிட்டர் மூலம் ஓட்டுகிறது. 2009இல் வந்த ஏசிபிஐ 4.0 வரையறையில் பவர் மீட்டர் என்ற சாதனம் சேர்க்கப்பட்டது. இயந்திரம் மொத்தமாக எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அதனிடம் கேட்கலாம். கேட்பதற்கான மெத்தட்தான் பிஎம்எம். அதே ஆண்டிலேயே லினக்ஸ் 2.6.32இல் இதற்கான டிரைவரும் வந்துவிட்டது.

இப்போது அந்த 66. ஏஎம்எல் நிரல் பிஎம்சியுடன் பேச வேண்டுமானால், செய்தியை ஒரு பஃபரில் வைத்துக் கொடுக்க வேண்டும். முதல் பைட் நிலை, இரண்டாவது பைட் நீளம், மீதி 64 பைட் தரவு. ஆக மொத்தம் 66. கர்னலின் இன்டர்பிரிட்டர் இந்த அளவை எதிர்பார்க்கிறது. எங்கள் சர்வரின் ஃபர்ம்வேரில் அந்த பஃபரை 32 பைட்டாக அறிவித்திருந்தார்கள். கர்னல் அளவைப் பார்க்கிறது, போதவில்லை என்றதும் நிரலைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. கர்னல் செய்தது சரிதான். அளவு போதாத இடத்தில் எழுத விட்டால் பக்கத்து நினைவகம் பாழாகும்.

இதைச் செய்தியை மட்டும் வைத்து நம்பாமல், அட்டவணையையே திறந்து பார்த்தேன். ஏசிபிஐடம்ப் கருவி அட்டவணைகளை வெளியே எடுத்துத் தரும். ஏசிபிஐஎக்ஸ்ட்ராக்ட் அவற்றைத் தனித்தனிக் கோப்பாகப் பிரிக்கும். ஐஏஎஸ்எல் அவற்றை மனிதர் படிக்கும்படி மாற்றும். பிஎம்ஐ0 என்று தேடினால் சாதனத்தின் வரையறை கிடைக்கிறது. அடையாளம் ஏசிபிஐ000டி, அதாவது பவர் மீட்டர். கீழே பிஎம்எம் மெத்தட், அதற்குள் ஐபிஎம்ஐ பகுதிக்கு அனுப்பும் பஃபர், அதன் அளவு பதினாறடிமான எண்ணில் 20. பத்தடிமானத்தில் 32. கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லை.

லாக் வரியின் கடைசியில் அடைப்புக்குள் வரும் எண்ணையும் கவனிப்பது நல்லது. 20170831 என்று இருந்தது. பலர் அதைப் பிழை நடந்த தேதி என்று நினைத்துக் குழம்புகிறார்கள். அது கர்னலுக்குள் இருக்கும் ஏசிபிஐ நிரல்தொகுப்பின் வெளியீட்டு எண். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது மூலநிரல் கோப்பின் பெயரும் வரி எண்ணும். மூன்று வரிகளில் மூன்று வெவ்வேறு கோப்புகள் இருந்தன. அதை வரிசையாகப் படித்தால் பிழை எங்கே பிறந்து எந்த வழியாக மேலே வந்தது என்று தெரிகிறது. பிறந்தது பஃபரைப் புலத்தில் (ஃபீல்டு) எழுதும் இடத்தில், கடைசியாக வந்து சேர்ந்தது பவர் மீட்டர் டிரைவரில். ஆக, கேள்வியைத் தொடங்கியது பவர் மீட்டர் டிரைவர்.

ஆனால் டிரைவர் தானாகக் கேட்பதில்லை. யாராவது சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அதன் கோப்பைப் படித்தால்தான் பிஎம்எம் மெத்தட் ஓடும். அப்படியானால் படிப்பது யார்?

நேரத்தை வைத்தே பாதி விடை கிடைத்தது. ஜர்னலில் கர்னல் வரிகளை மட்டும் எடுத்து, மூன்றாவது வரியின் நேரங்களை மட்டும் வரிசையாக அடுக்கினேன். வன்பொருள் கோளாறு என்றால் நேரம் தாறுமாறாக இருக்கும். இங்கே கடிகாரம் வைத்த மாதிரி இருந்தது. கூர்ந்து பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு தாளங்கள். ஒன்று 15 நொடிக்கு ஒரு முறை, இன்னொன்று 10 நொடிக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் மூன்று வரி என்பதால், ஒரு நாளுக்கு முதல் தாளத்தில் 17,280 வரி, இரண்டாவதில் 25,920 வரி. கூட்டினால் 43,200.

இப்படிச் சீரான இடைவெளி வந்தால் வன்பொருளைக் கழற்றப் போகாதீர்கள், மென்பொருளைத் தேடுங்கள்.

டிரைவர்தான் என்பதை உறுதி செய்வது எளிது. சிஸ்எஃப்எஸ்ஸில் கிளாஸ் கோப்புறைக்குள் எச்டபிள்யூமான் என்று ஒரு கோப்புறை. அதற்குள் 0, 1, 2 என்று எண் போட்ட கோப்புறைகள். ஒவ்வொன்றிலும், அல்லது அதற்குள் இருக்கும் டிவைஸ் கோப்புறையில், நேம் என்ற கோப்பைப் படித்தால் அது எந்தச் சென்சார் என்று தெரியும். கோர்டெம்ப் என்றால் பிராசஸர் வெப்பம். பவர் மீட்டர் என்று எது சொல்கிறதோ அதற்குள் டிவைஸ் கோப்புறையில் பவர்1 ஆவரேஜ் என்ற கோப்பு இருக்கும். ஒரு டெர்மினலில் டிமெஸ்க்கை ஓடவிட்டு, இன்னொன்றில் அந்தக் கோப்பைக் கேட் கட்டளையால் படித்தேன். அதே நொடியில் மூன்று வரிகள். மறுபடி படித்தால் மறுபடி மூன்று. நல்ல நிலையில் இருக்கும்போது இந்த டிரைவர் கடைசியாகப் பெற்ற அளவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அதையே திருப்பிக் கொடுக்கும். அளவே கிடைக்கவில்லை என்றால் வைத்திருக்க எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் மறுபடி முயன்று மறுபடி தோற்கிறது.

படிப்பவரைப் பிடிக்க ஓபன்ஸ்னூப் கருவியைப் பயன்படுத்தினேன். உபுண்டுவில் பிபிஎஃப்சிசி டூல்ஸ் தொகுப்பில் வருகிறது. எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அதன் பெயரோடும் எண்ணோடும் காட்டும். அதன் வெளியீட்டை பவர்1 ஆவரேஜ் என்ற பெயருக்கு மட்டும் கிரெப் போட்டு வடிகட்டிவிட்டுக் காத்திருந்தேன். நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு பெயர்களும் வந்துவிட்டன. 15 நொடிக்காரர் நோட் எக்ஸ்போர்ட்டர், இயந்திரத்தின் அளவுகளை வெளியே தரும் நிரல். கண்காணிப்பு மென்பொருளான பிராமித்தியஸ் எங்களிடம் 15 நொடிக்கு ஒரு முறை வந்து அளவுகளை எடுத்துப் போகும்படி அமைத்திருக்கிறோம். 10 நொடிக்காரர் கலெக்ட்டி. அதன் இயல்பான இடைவெளியே 10 நொடி. முந்தைய கண்காணிப்பு ஏற்பாட்டின் மிச்சம், யாரும் நிறுத்தாததால் ஓடிக்கொண்டிருந்தது.

கண்காணிப்புக்காக வைத்த நிரல்களே கண்காணிப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் குற்றம் சொல்ல முடியாது. கண்ணில் பட்ட எல்லாச் சென்சாரையும் படிப்பதுதான் அவற்றின் வேலை.

கூட வேலை செய்யும் தம்பி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இந்த மூணு வரியையும் ஆர்சிஸ்லாக்ல ஃபில்டர் பண்ணிட்டா முடிஞ்சதே?"

"பண்ணலாம். அப்புறம் கர்னல் பஃபர்ல?"

"அதுல... வந்துக்கிட்டுதான் இருக்கும்."

"ஜர்னல்ல?"

"அதுலயும்தான்."

அவன் கேட்டது நியாயமான கேள்வி, பெரும்பாலானவர்கள் அங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆர்சிஸ்லாக்கில் ஒரு வரி போட்டால் சிஸ்லாக் கோப்பு சுத்தமாகத் தெரியும். ஆனால் அது கடைசிக் குழாயை அடைப்பது மட்டும்தான். வளைய பஃபர் அப்போதும் நிரம்பும், ஜர்னலும் நிரம்பும். பிஎம்எம் மெத்தட் ஒவ்வொரு முறையும் ஓடித் தோற்பதும் நிற்காது. கர்னலின் லாக்லெவலைக் குறைப்பதும் இதே கதைதான். திரையில் வருவது குறையும், பதிவாவது குறையாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, பூட் வரியில் ஏசிபிஐ ஆஃப் என்று போடச் சொல்லும் ஆலோசனை. ஒரு பவர் மீட்டருக்காக மொத்த ஏசிபிஐயையும் அணைத்தால், இன்டரப்ட்டுகளை எங்கே அனுப்புவது, எத்தனை பிராசஸர் இருக்கிறது, பவர் பொத்தானை அழுத்தினால் என்ன செய்வது என்பதெல்லாம் சேர்ந்து போய்விடும். இன்றைய சர்வரில் அதைச் செய்யவே கூடாது. ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ் லேக்ஸ் என்று இன்னொன்றும் சொல்வார்கள். அது வேறு நோய்க்கான மருந்து. மதர்போர்டின் சென்சார் சிப்பை ஃபர்ம்வேரும் லினக்ஸ் டிரைவரும் ஒரே முகவரியில் தொட முயலும்போது வரும் சண்டைக்கானது. இங்கே அதற்கு வேலையே இல்லை.

முறையான தீர்வு ஃபர்ம்வேரைத் திருத்துவது. சர்வருக்குக் கிடைக்கும் கடைசிப் பயாஸை ஏற்றிப் பார்த்தோம். பஃபர் அளவு மாறவில்லை. இனி மாறாது, இயந்திரம் ஆதரவுக் காலத்தைத் தாண்டிவிட்டது. திருத்திய அட்டவணையை நாமே தயாரித்து பூட்டின் தொடக்கக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ் வழியாக ஏற்றவும் வழி இருக்கிறது. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் டேட்டாபேஸ் சர்வரில் ஒரு சென்சாருக்காக ஃபர்ம்வேர் அட்டவணையை மாற்ற எனக்கு மனம் இல்லை.

முதலில், சென்சார் படிக்கும் கருவித்தொகுப்பான எல்எம் சென்சார்ஸின் அமைப்பில் பவர் மீட்டர் ஏசிபிஐ 0 என்ற சிப்புக்கு பவர்1-ஐத் தவிர்க்கச் சொல்லி ஒரு கோப்பு வைத்தேன். கலெக்ட்டியை மறுபடி தொடங்கியதும் 10 நொடித் தாளம் நின்றது. 15 நொடித் தாளம் நிற்கவில்லை. கலெக்ட்டி சென்சார்களைப் படிப்பது லிப்சென்சார்ஸ் நூலகம் வழியாக, அந்த நூலகம்தான் இந்தக் கோப்பை மதிக்கும். நோட் எக்ஸ்போர்ட்டர் நூலகத்தை நம்பாமல் சிஸ்எஃப்எஸ்ஸை நேராகப் படிக்கிறது. இந்தக் கோப்பை அது பார்ப்பதே இல்லை. "சென்சார்ஸ் கான்ஃபில போட்டேன், பாதி நின்னுச்சு, பாதி நிக்கலை" என்று யாராவது சொன்னால், காரணம் அநேகமாக இதுதான். நோட் எக்ஸ்போர்ட்டரின் புதிய பதிப்புகளில் குறிப்பிட்ட சிப்பை மட்டும் விலக்கும் தேர்வு இருக்கிறது. பழைய பதிப்பில் எச்டபிள்யூமான் கலெக்டரை மொத்தமாக அணைக்கத்தான் முடியும், அப்படிச் செய்தால் பிராசஸர் வெப்பமும் சேர்ந்து போய்விடும்.

படிக்கும் ஒவ்வொரு நிரலிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, படிக்க ஒன்றும் இல்லாமல் செய்வது மேல் என்று முடிவெடுத்தேன். நாளைக்கு வேறொரு கருவி வந்தாலும் பிரச்சினை திரும்பக் கூடாது. இந்த டிரைவரால் இந்த இயந்திரத்தில் ஒரு முறைகூட அளவு எடுக்க முடியாது என்பது அட்டவணையைப் பார்த்ததிலிருந்தே தெரியும். அதனால் அதை எடுத்துவிடுவதில் நஷ்டம் இல்லை.

மாட்யூல்களை ஏற்றி இறக்கும் மோட்ப்ரோப் கட்டளைக்கு ஆர் கொடுத்து, ஏசிபிஐ பவர் மீட்டர் மாட்யூலை (டிரைவர் இருக்கும் கர்னல் துண்டு) இறக்கினேன். ரீபூட் தேவைப்படவில்லை. லாக் அந்த நொடியே அமைதியானது. அதை நிரந்தரமாக்க, ஈடிசி கோப்புறையில் உள்ள மோட்ப்ரோப் டாட் டி-க்குள் ஒரு கோப்பு வைத்து, பிளாக்லிஸ்ட் என்ற சொல்லையும் மாட்யூல் பெயரையும் எழுதினேன். பெயரில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். மாட்யூல் பெயரை நினைவிலிருந்து எழுத வேண்டாம், எல்எஸ்மாட் காட்டுவதை அப்படியே எடுத்துப் போடுங்கள். எதற்காக இந்த வரி என்று மேலே இரண்டு வரிக் குறிப்பும் எழுதி வைத்தேன். அடுத்து இந்த இயந்திரத்தைத் தொடுபவர் காரணம் தெரியாமல் திகைக்கக் கூடாது.

பிளாக்லிஸ்ட் முழுத் தடை கிடையாது. வன்பொருளைப் பார்த்ததும் மாட்யூல் தானாக ஏறுவதை மட்டும் அது நிறுத்தும். யாராவது பெயர் சொல்லி ஏற்றினால் ஏறிவிடும். இங்கே தானாக ஏறுவது நின்றால் போதும். முழுத் தடை வேண்டுமானால் இன்ஸ்டால் வரியில் பின் ஃபால்ஸை இணைக்க வேண்டும். அப்புறம் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் ஓட்ட மறக்க வேண்டாம். பூட்டின் தொடக்கத்தில் பயன்படும் சின்னக் கோப்பு முறைமைக்குள் மோட்ப்ரோப் அமைப்புகளின் நகல் இருக்கிறது, அது பழையதாகவே இருந்தால் ரீபூட்டுக்குப் பிறகு மாட்யூல் திரும்ப ஏற வாய்ப்பு உண்டு. ரெட்ஹேட் வழிவந்தவற்றில் இந்த வேலைக்கு டிராகட்.

மின்சார அளவு வேண்டாம் என்று இருந்துவிடவும் மனம் வரவில்லை. ரேக்கில் எவ்வளவு லோடு போகிறது என்பது யுபிஎஸ் கணக்குக்குத் தேவை. பிஎம்சிக்கு அந்த அளவு தெரியும், ஏசிபிஐ வழியாக வர முடியவில்லை, அவ்வளவுதான். ஐபிஎம்ஐடூலில் டிசிஎம்ஐ பவர் ரீடிங் என்று கேட்டால் நேராகவே சொல்லிவிடுகிறது. இப்போதைய வாட், குறைந்தது, கூடியது, சராசரி என்று நான்கும் வருகின்றன. நிமிடத்துக்கு ஒரு முறை இதை ஓட்டி, இப்போதைய வாட்டை மட்டும் பிரித்தெடுத்து, நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கோப்புறையில் வைக்கும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டு எம்வி கட்டளையால் பெயரை மாற்ற வேண்டும். இல்லையென்றால் பாதி எழுதிய கோப்பை எக்ஸ்போர்ட்டர் படித்துவிடும். பிஎம்சியுடன் பேசுவது மெதுவான காரியம், அதனால் 15 நொடிக்கு ஒரு முறை கேட்டு அதைத் தொந்தரவு செய்யவில்லை.

லாக் அடங்கிய பிறகு வந்ததுதான் இந்த வேலையின் முக்கியமான பகுதி.

மறுநாள் கர்னல் லாக் ஒரே திரையில் அடங்கியது. அதில், மெமரிப் பிழைகளைக் கவனிக்கும் எடாக் பகுதியின் ஒரு வரி: எடாக் எம்சி1, 1 சிஇ மெமரி ரீட் எரர், இரண்டாவது பிராசஸர், சேனல் 2, டிம் (மெமரி அட்டை) 0. சிறிது நேரம் கழித்து அதே இடத்தைச் சொல்லி இன்னொன்று. ஜர்னலில் மிச்சமிருந்த நாட்களில் எடாக் என்று தேடினால், அந்த மூன்று வரிகளுக்கு நடுவே இதுவும் அங்கங்கே கிடந்தது. யாரும் பார்த்திருக்கவில்லை, பார்க்க வழியும் இல்லை. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒற்றை வரி.

சிஇ என்றால் திருத்தப்பட்ட பிழை. சர்வர் மெமரியில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 சோதனை பிட்டுகள் கூட இருக்கும். ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும். இரண்டு பிட் புரண்டால் கண்டுபிடிக்கத்தான் முடியும், திருத்த முடியாது. அப்போது இயந்திரம் நிற்கும், அல்லது அந்த நிரல் சாகும். எப்போதாவது ஒரு திருத்தப்பட்ட பிழை வந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஒரே டிம்மிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிம் போகப்போகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டேட்டாபேஸ் ஓடும் இயந்திரத்தில் நான் அதற்குக் காத்திருக்க மாட்டேன்.

பிஎம்சியின் நிகழ்வுப் பதிவில் இது ஏன் வரவில்லை? பல சர்வர்களில் ஃபர்ம்வேர் தனக்கென ஒரு வரம்பு வைத்திருக்கும். திருத்தப்பட்ட பிழைகள் அதைத் தாண்டினால்தான் பதிவு செய்யும். ஆரம்பக் கட்டத்தில் கர்னல் லாக் மட்டுமே சொல்லும். அந்த லாக்கைத்தான் பவர் மீட்டர் நிரப்பிக்கொண்டிருந்தது.

எடாக் சொல்லும் சேனல் எண்ணுக்கும் போர்டில் அச்சிட்டிருக்கும் ஸ்லாட் எண்ணுக்கும் நேரடிப் பொருத்தம் எப்போதும் இருக்காது. டிஎம்ஐடிகோட் காட்டும் பெயர்களையும் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் வரைபடத்தையும் வைத்து ஸ்லாட்டைக் கண்டுபிடித்தோம். பராமரிப்பு நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி, அந்த டிம்மையும் வேறு சேனலில் இருந்த அதே வகை டிம்மையும் இடம் மாற்றிப் போட்டோம். பிழை பழைய ஸ்லாட்டிலேயே வந்தால் போர்டோ பிராசஸரோ காரணம். டிம்மோடு சேர்ந்து நகர்ந்தால் டிம்தான். நகர்ந்தது. புதியது போட்டோம். எடாக் கோப்புறையில் உள்ள சிஇ கவுண்ட் பூஜ்யத்திலேயே நிற்கிறது. இப்போது வன்பொருள் பிழைகளைப் பதிவு செய்யும் ராஸ்டீமன் நிறுவி அந்த எண்ணிக்கையைத் தனியாகச் சேமிக்கிறோம், எண் ஏறினால் எச்சரிக்கை வரும்படியும் செய்திருக்கிறோம்.

இதே ரேக்கில் இன்னொரு சர்வர், வேறு தயாரிப்பு. அதிலும் பவர் மீட்டர் பெயரில் ஏசிபிஐ பிழை. தம்பி உடனே பிளாக்லிஸ்ட் கோப்பை நகலெடுக்கக் கிளம்பினான். கொஞ்சம் நில் என்றேன், ஏனென்றால் செய்தி வேறு. பஃபர் நீளம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஐபிஎம்ஐ ரீஜனுக்கு ஹாண்ட்லர் இல்லை, அடையாள எண் 7 என்று இருந்தது. நிரலில் தவறு இல்லை, அது பேச வேண்டிய ஆள் இன்னும் வரவில்லை என்று பொருள். ஏஎம்எல் நிரலுக்கும் பிஎம்சிக்கும் நடுவே பாலமாக இருக்கும் ஏசிபிஐ ஐபிஎம்ஐ மாட்யூல் ஏறுவதற்கு முன்பே பவர் மீட்டர் மாட்யூல் ஏறிவிட்டது.

அங்கே பவர் மீட்டரை இறக்கி, ஏசிபிஐ ஐபிஎம்ஐயை ஏற்றி, மறுபடி பவர் மீட்டரை ஏற்றினோம். பிழை வரவில்லை. மோட்ப்ரோப் டாட் டி-யில் சாஃப்ட்டெப் வரி ஒன்று போட்டு, பவர் மீட்டருக்கு முன்னால் ஐபிஎம்ஐ எஸ்ஐயும் ஏசிபிஐ ஐபிஎம்ஐயும் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டோம். ரீபூட் செய்து பார்த்தபோதும் வரிசை சரியாக இருந்தது. அந்த இயந்திரத்தில் பவர்1 ஆவரேஜ் கோப்பு ஒழுங்காக அளவு தருகிறது. எண் மைக்ரோவாட்டில் வரும், 10 லட்சத்தால் வகுத்தால் வாட். டிசிஎம்ஐ சொல்லும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், இரண்டும் ஒத்துப்போகின்றன. அதற்கு ஸ்கிரிப்ட் தேவைப்படவில்லை.